சன்மானம் வாங்கும் வீணை

அன்புள்ள மகளுக்கு,

போன சனிக்கிழமை உன் வீட்டில் வீணை கேட்டுவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் நின்று நீ சொன்ன ஒரு பேச்சு இன்னும் காதில் நிற்கிறது. மேல்மாடி வீட்டுக் கதவைப் பட்டப்பகலில் நெம்பித் திறந்து லேப்டாப்பும் நகையும் கொண்டுபோய்விட்டார்கள் என்றாய். அடுத்த மூச்சிலேயே, "எனக்குப் பயமில்லை மாமா, ரெண்டர்ஸ் இன்ஷூரன்ஸ் இருக்கு, எது போனாலும் வந்துடும்" என்றாய். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. குளிரில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. பகலில் கம்ப்யூட்டர் வேலை, மாலையில் சாதகம், சனி ஞாயிறில் பிள்ளைகளுக்குப் பாடம், மாதம் ஒரு கச்சேரி என்று எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் வாடகை வீடுகளில் இருக்கும் உன் வயதுக்காரர்கள் பலர் இதே நம்பிக்கையில் இருக்கிறார்கள். அதனால் உன் பெயரைச் சொல்லாமல் பொதுவிலேயே எழுதுகிறேன்.

வீட்டில் திருட்டுப் போனால் அந்தப் பாலிசி பணம் தருமா என்றால், தரும். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் உன் வீட்டில் எந்தப் பொருள் போனால் நீ உடைந்துபோவாயோ, அந்த ஒன்றுக்கு மட்டும் நீ நினைக்கிற பணத்தைத் தராது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அபார்ட்மெண்ட்டின் சொந்தக்காரர் எடுத்திருக்கும் காப்பீடு சுவருக்கும் கூரைக்கும்தான். உள்ளே நீ வைத்திருக்கும் கரண்டி முதல் வீணைவரை எதற்கும் அது பொறுப்பேற்காது. வாடகைக்கு இருப்பவர்களுக்கென்று தனியாக இருக்கும் பாலிசியைக் காப்பீட்டுக்காரர்கள் எச்.ஓ.-4 என்பார்கள். ஐ.எஸ்.ஓ. என்ற அமைப்பு எழுதிய பொதுப் படிவத்தையோ, அதைத் தழுவிய சொந்தப் படிவத்தையோதான் பெரும்பாலான கம்பெனிகள் வைத்திருக்கின்றன. தீ, புகை, இடி மின்னல் என்று 16 ஆபத்துகளைப் பெயர் சொல்லி எழுதியிருக்கும். திருட்டு அவற்றில் ஒன்று. திருட வந்தவன் உடைத்துப்போட்டதற்கும் பணம் உண்டு. ஒரு பொருள் இன்ன இடத்தில் இருந்தது, இப்போது இல்லை, திருடு போயிருக்கத்தான் வாய்ப்பு என்ற நிலை இருந்தால் அதையும் திருட்டாகவே எடுத்துக்கொள்ளும். பூட்டு உடைந்த அடையாளம் வேண்டும் என்று பொதுப் படிவம் கேட்பதில்லை. கம்பெனிகள் சொந்தமாக எழுதிக்கொண்ட சில படிவங்கள் கேட்கும். பொருள் வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. உலகில் எங்கே இருந்தாலும் செல்லும். கச்சேரி முடிந்து காபி வாங்க நிறுத்திய காரிலிருந்து வீணையைத் தூக்கிப் போனால், கார் இன்ஷூரன்ஸ் அதைத் தொடாது. இந்தப் பாலிசியைத்தான் கேட்கவேண்டும். இத்தனைக்கும் நாட்டுச் சராசரி பிரீமியம் சில ஆண்டுகளாக வருடத்துக்கு 170, 180 டாலர் அளவில்தான் இருக்கிறது. நல்ல பாலிசிதான். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை.

உன்னிடம் இருப்பது அந்தப் பாலிசிதானா என்று முதலில் பார். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது "இன்ஷூரன்ஸ் கட்டாயம்" என்று அலுவலகத்தில் சொல்லியிருப்பார்கள். மாத வாடகையோடு பத்துப் பன்னிரண்டு டாலர் சேர்த்துப் பிடிப்பார்கள். பல இடங்களில் அந்தப் பணம் உன் கவனக்குறைவால் கட்டடத்துக்குத் தீப்பிடித்தாலோ தண்ணீர் கசிந்தாலோ அவர்களுக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு மட்டும்தான். உன் பொருளுக்கு அதில் ஒரு காசு கிடையாது. நான்கு வருடம் அப்படிக் கட்டிவிட்டுத் திருட்டுப் போன பிறகு உண்மை தெரிந்துகொண்ட ஒரு மிருதங்கக்காரப் பையனை எனக்குத் தெரியும். பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பார். "பர்சனல் பிராப்பர்ட்டி" என்ற வரிக்கு எதிரே ஒரு தொகை இருக்கவேண்டும். அந்த வரியே இல்லையென்றால் உனக்கு இன்ஷூரன்ஸ் இல்லை.

உன்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் பெண்ணின் பொருளுக்கு உன் பாலிசி பொறுப்பில்லை, அவள் பாலிசி உன் பொருளுக்கும் இல்லை. பெயர் இருந்தால்தான் செல்லும். கோவிலிலிருந்து இரவல் வாங்கி வைத்திருக்கிறாயே ஒரு தம்பூரா, அது வேறு கதை. நீ பயன்படுத்தும் பிறர் பொருளுக்கும் பொதுப் படிவம் இடம் தருகிறது.

இனி என் கதையைச் சொல்கிறேன். உன் அப்பாவுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

1996 நவராத்திரி. அப்போது நாங்கள் இரண்டாம் மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருந்தோம். சமையலறை ஜன்னலை ஒட்டித் தீயணைப்பு ஏணி இறங்கும். ஒரு கோவில் கச்சேரிக்கு அன்று புது வயலினை எடுத்துக்கொண்டு போனேன். மழை வரும்போல் இருந்ததால் குருவின் வயலினை வீட்டில் விட்டேன். அவர் இருபது வருஷம் வாசித்து, நான் இந்த நாட்டுக்குக் கிளம்பும் முன் கையில் கொடுத்த பழைய ஜெர்மன் வயலின். இரவு பதினொரு மணிக்குத் திரும்பியபோது ஜன்னல் திறந்திருந்தது. கொலுப்படி அப்படியே இருந்தது. ஒரு பொம்மை சாயவில்லை. வயலின் பெட்டி இருந்த மூலை காலியாக இருந்தது. அலமாரியில் மனைவியின் கல்யாண வளையல் நான்கும், முந்தைய வாரத்துச் சன்மானக் கவரில் இருந்த 600 டாலரும் இல்லை.

என்னிடம் பாலிசி இருந்தது. தைரியமாகவே இருந்தேன். நஷ்டத்தைக் கணக்கெடுக்க வந்த அட்ஜஸ்டர் மரியாதையான மனிதர். "இந்த வயலின் உண்மையிலேயே இவ்வளவு பெறுமா?" என்று கேட்டார். நியூயார்க்கில் வயலின் பழுதுபார்க்கும் ஒருவர் 8,000 டாலர் என்று எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. அதை நீட்டினேன். அது போதாதோ என்று நினைத்து ஒரு கோப்பையே எடுத்து வைத்தேன். கச்சேரி அழைப்பிதழ்கள், பத்திரிகை விமர்சனங்கள், சபாக்களின் நன்றிக் கடிதங்கள், இன்ன கச்சேரிக்கு இவ்வளவு என்று எழுதிய காசோலைகளின் நகல். ஒரு மேடை வயலின் என்று நிரூபித்துவிட்டால் அதன் விலையை ஒப்புக்கொள்வார் என்பது என் கணக்கு. அவர் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பெருமையோடு கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. திருட்டை ஒப்புக்கொண்டார்கள். வயலின் தொழிலுக்குப் பயன்பட்ட பொருள் என்பதால் அதற்கு உச்சவரம்பு 2,500 டாலர். நகைத் திருட்டுக்கு அந்தப் படிவத்தில் இருந்த உச்சவரம்பு 1,000. ரொக்கத்துக்கு 200. ஆக 3,700. டிடக்டிபிள் என்று நாம் சுமக்கவேண்டிய முதல் 500-ஐக் கழித்து 3,200 டாலருக்குக் காசோலை. வயலின் தொழில் கருவி என்பதற்கு ஆதாரமாக இணைத்திருந்தது நான் கொடுத்த கோப்பு.

இந்தக் கதையைக் கேட்ட நண்பர் ஒருவர், "நீங்கள் ஏன் வாயைத் திறந்தீர்கள்? பொழுதுபோக்குக்கு வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாமே" என்றார். இன்றைக்கும் உனக்கு யாராவது இந்த யோசனையைச் சொல்வார்கள். கேட்காதே. முக்கியமான ஒரு விஷயத்தை வேண்டுமென்றே மறைத்தாலோ திரித்துச் சொன்னாலோ, மொத்தப் பாலிசியையும் கைவிடும் உரிமை கம்பெனிக்கு இருக்கிறது. வயலினுக்கு மட்டுமில்லை, வளையலுக்கும் சேர்த்துப் போய்விடும். அதைவிட, குரு கையால் வாங்கிய ஒரு வாத்தியத்தைப் பொழுதுபோக்குச் சாமான் என்று கையெழுத்திட்டுக் கொடுக்க எனக்கு மனம் வந்திருக்காது. நான் உண்மையைச் சொன்னதால் பணம் போகவில்லை. பாலிசி வாங்கிய அன்று சொல்லவேண்டியதைத் திருட்டுப் போன பிறகு சொன்னதால் போயிற்று. இவ்வளவு வருஷம் கழித்தும் நான் உனக்குச் சொல்ல வைத்திருப்பது இது ஒன்றுதான்.

இனி அந்தத் 'தொழில்' என்ற சொல்லுக்கு வருவோம். நீ கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவள், வீணை உனக்குத் தொழில் இல்லை என்று நினைக்கலாம். ஐ.எஸ்.ஓ. படிவம் அப்படி நினைக்கவில்லை. முழுநேரம் செய்தாலும், பகுதிநேரம் செய்தாலும், எப்போதாவது செய்தாலும் தொழில் தொழில்தான். பணத்துக்காகச் செய்யும் வேறு எந்தக் காரியமும் அதில் சேரும். ஒரு விலக்கு இருக்கிறது: பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 12 மாதங்களில் அந்த வகையில் வந்த மொத்தப் பணம் 2,000 டாலரைத் தாண்டவில்லை என்றால் அதைத் தொழிலாகக் கொள்ளாது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இதுதான் எண். நீ ஆறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாய், வகுப்புக்கு 30 டாலர் வாங்குகிறாய் என்று வைத்துக்கொள். வாரத்துக்கு 180. மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டிவிடுகிறாய். கச்சேரிச் சன்மானம் ஒன்றுகூட அதில் சேரவில்லை.

தாண்டிய பிறகு, வீட்டிலிருந்து போனால் தொழில் பொருள்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,500 டாலர் உச்சவரம்பு. வீட்டுக்கு வெளியே போனால் இன்னும் குறைவு: 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் 500, 2011 பதிப்பில் 1,500. கச்சேரிக்குப் போகும் வழியில், மேடைக்குப் பின்னால், காரில் என்று வீணைக்கு ஆபத்து எங்கே அதிகமோ அங்கே பாதுகாப்பு குறைவு.

படிவத்தில் ஒரு சொல் நமக்குச் சாதகமாக இருக்கிறது. "முதன்மையாகத்" தொழிலுக்குப் பயன்படும் பொருளுக்குத்தான் இந்த வரம்பு என்று எழுதியிருக்கும். நீ தினமும் இரண்டு மணி நேரம் உனக்காக வாசிக்கிறாய், மாதம் ஒருமுறை மேடை ஏறுகிறாய். எது முதன்மை? இதை வைத்து வாதாட இடம் உண்டு. ஆனால் வாத்தியத்தைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு வாரம் தூக்கம் வராது. அந்த நிலையில் ஒரு சொல்லின் பொருளைப் பற்றிக் கம்பெனியோடு கடிதப் போர் நடத்துவாய் என்று நான் நம்பவில்லை. நீ அப்படிப்பட்ட பெண் இல்லை.

அதனால் வீணையைத் தனியாகப் பட்டியலில் ஏற்று. இதை ஷெட்யூல் செய்வது என்பார்கள். ஒரு பொருளைப் பெயர், அடையாளம், மதிப்போடு எழுதி, அதற்கென்று கொஞ்சம் பிரீமியம் கூடக் கட்டுவது. நகை, கேமரா, வாத்தியம் போன்றவற்றுக்கென்றே இந்த இணைப்பு இருக்கிறது. பொதுவாக இதற்கு டிடக்டிபிள் கிடையாது. திருட்டு மட்டுமில்லாமல் கைதவறி விழுந்து குடம் விரிசல் விட்டாலும் செல்லும். "ஏறிவிட்டது, இனி கவலையில்லை" என்று பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். நீ நிற்காதே. அந்தப் பொது இணைப்பில் வாத்தியங்களுக்கு நேரே ஒரு சின்ன வரி இருக்கும்: பாலிசியில் தனியாக அனுமதி எழுதியிருந்தாலொழிய, இந்த வாத்தியத்தைப் பணம் வாங்கிக்கொண்டு வாசிப்பதில்லை என்று நீ ஒப்புக்கொள்கிறாய்.

இதைத் திரும்பப் படி. ஷெட்யூல் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் எத்தனை கலைஞர்கள், ஒவ்வொரு கச்சேரியிலும் கவர் வாங்கும்போது தங்கள் பாலிசியின் நிபந்தனையை மீறிக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா? யாரும் ஏமாற்ற நினைப்பதில்லை. யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. அதிகப் பிரீமியம் கட்டினால் சம்பளத்துக்கு வாசிப்பதற்கான அனுமதியைச் சில கம்பெனிகள் சேர்த்துத் தரும். தராவிட்டால், தொழில்முறை இசைக்கலைஞர்களுக்கென்றே வாத்தியக் காப்பீடு விற்கும் கம்பெனிகள் இந்த நாட்டில் இருக்கின்றன. அங்கே போ. சன்மானம் வாங்குவதை ஒளிக்கவேண்டிய காரியமாக நம் ஆட்கள் ஏனோ நினைக்கிறார்கள். சரஸ்வதி கடாட்சத்தைப் பணத்தோடு சேர்த்துப் பேசக்கூடாது என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சம் மேடையில் இருக்கட்டும். ஏஜெண்ட்டிடம் வேண்டாம்.

அடுத்தது மதிப்பு. இதில்தான் நம் வாத்தியங்களுக்குத் தனிச் சிக்கல். சாதாரண பாலிசி பொருளின் தேய்மானத்தைக் கழித்துவிட்டு மீதி மதிப்பைத்தான் தரும். ஐந்து வருஷத்துக்கு முன் 1,400 டாலருக்கு வாங்கிய லேப்டாப்புக்கு அப்போது கிடைப்பது சொற்பம். கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் புதிதாக வாங்கும் விலையைத் தரும் இணைப்பு கிடைக்கும். அதை அவசியம் வாங்கு. ஆனால் அந்த இணைப்பிலும், பழமையாலோ அருமையாலோ புதியதைக் கொண்டு ஈடுசெய்ய முடியாத பொருள்களுக்கு அது செல்லாது என்று எழுதியிருக்கும். உன் பாட்டியின் தஞ்சாவூர் வீணை அந்த வரியில் நேராக உட்கார்கிறது. ஒற்றைப் பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கும் மூன்று துண்டாகச் செய்து ஒட்டிய வீணைக்கும் உள்ள வித்தியாசம் அமெரிக்க அட்ஜஸ்டருக்கு எப்படித் தெரியும்? இணையத்தில் 'வீணை' என்று தேடி முதலில் வருகிற விலையை எழுதுவார். அவர்மேல் தவறில்லை. அவருக்குச் சொல்லவேண்டியது நம் கடமை.

ஆகவே மதிப்பீட்டுக் கடிதம் ஒன்று வேண்டும். தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்களில் உனக்குப் பழக்கமானவரிடமோ, இங்கே இந்திய வாத்தியங்களை விற்றுப் பழுதுபார்ப்பவரிடமோ வாங்கு. ஏகாண்டமா, என்ன மரம், குடத்தின் அகலம் எவ்வளவு, எந்த ஆண்டு செய்தது, இன்று அதே தரத்தில் செய்து இந்த நாட்டுக்கு அனுப்ப என்ன ஆகும் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். விமானத்தில் பத்திரமாகக் கொண்டுவரும் செலவையும் எழுதச் சொல். அது விலையின் ஒரு பகுதி. பட்டியலில் ஏற்றும்போதே "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்று இரு தரப்பும் ஒரு தொகையில் கையெழுத்திடும் பாலிசி கிடைத்தால் விடாதே. பிறகு பேரம் இருக்காது. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு உண்டு; கடிதத்தில் அதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்.

படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. முழு வீணையை ஒரு படம் எடுத்து வைத்தால் அது எல்லா வீணையையும் போலத்தான் இருக்கும். யாளி முகத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறதே, அதை எடு. குடத்தின் அடியில் பாட்டி காலத்தில் ஒட்டிய பட்டையை எடு. நாகபாசம், குதிரை, மெழுகில் பதித்த மெட்டுகள், சுரைக்காய்க்குப் பதிலாகப் பிறகு மாட்டியது என்று ஒவ்வொன்றையும் பக்கத்தில் போய் எடு. நாளைக்கு எந்தக் கடையிலாவது அது வந்தால் "இது என்னுடையது" என்று போலீஸ் முன் சொல்ல அந்தத் தழும்புகள்தான் சாட்சி. என் குருவின் வயலினுக்கு என்னிடம் இருந்த ஒரே படத்தில் குருதான் தெரிந்தார். வயலினின் பாதி அவர் அங்கவஸ்திரத்துக்குள் இருந்தது.

நகையும் ரொக்கமும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011-ஆம் ஆண்டுப் பொதுப் படிவத்தில் நகைத் திருட்டுக்கு மொத்தமாக 1,500 டாலர்தான் உச்சவரம்பு. ஒவ்வொரு நகைக்கும் இல்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து. இன்றைய தங்க விலைக்கு அது நல்ல சங்கிலி ஒன்றுக்குக்கூடப் போதாது. அம்மா போட்டு அனுப்பியதை ஒன்று பட்டியலில் ஏற்று, இல்லையென்றால் வங்கி லாக்கரில் வை. ரொக்கத்துக்கு அதிலும் 200 டாலர்தான். கச்சேரிப் பணத்தைக் கவரோடு அலமாரியில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடு.

இனி மார்கழி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வருஷம் நீ சென்னைக்குப் போகிறாய். டிசம்பரிலும் ஜனவரியிலும் சென்னையில் இருக்கும்போது இங்கே வீட்டைச் சும்மா பூட்டிவைக்க மனமில்லாமல் யாருக்காவது உள்வாடகைக்கு விடுவது நம் பிள்ளைகளிடம் வழக்கமாகிவிட்டது. வீட்டில் நீ பிறருக்கு வாடகைக்கு விட்ட பகுதியிலிருந்து நடக்கும் திருட்டுக்குப் பொதுப் படிவம் பணம் தராது. விட்டது முழு வீடு என்றால், முழு வீட்டிலும் திருட்டுக்குப் பாதுகாப்பு இல்லை. எப்போதாவது வாடகைக்கு விடுபவர்களுக்குத் திருட்டுப் பாதுகாப்பை நீட்டிக்கும் தனி இணைப்பு உண்டு. கேட்டு வாங்கு, அல்லது அந்த இரண்டு மாதம் விலையுயர்ந்தவற்றை நம் வீட்டில் கொண்டுவந்து வை. எங்களுக்குச் சிரமமே இல்லை. கையோடு எடுத்துப் போகும் வீணை மயிலாப்பூரில் தங்கும் அறையிலிருந்து போனாலும் பாலிசி செல்லும். ஆனால் அது தொழில் பொருள் என்று ஆகிவிட்டால், வெளியே போன பொருளுக்கான அந்தக் குறைந்த வரம்புதான்.

அப்படி ஒரு நாள் வரக்கூடாது. வந்துவிட்டால், முதலில் போலீஸுக்குச் சொல். திருட்டுக்குப் போலீஸ் புகார் பாலிசியின் நிபந்தனை, அன்றைக்கே செய்யவேண்டியது. புகார் எண்ணை வாங்கிக்கொண்டு உடனே கம்பெனிக்குச் சொல். அவர்கள் கேட்ட 60 நாளுக்குள் சத்தியம் செய்து கையெழுத்திட்ட நஷ்டக் கணக்கைக் கொடுக்கவேண்டும். கணக்கில் ஒரு டாலரைக்கூட ஏற்றி எழுதாதே. அவர்கள் முடிவு நியாயமில்லை என்று பட்டால் எழுத்தில் காரணம் கேள். அதற்கும் மசியாவிட்டால் நியூஜெர்சியில் வங்கி, காப்பீட்டுத் துறையிடம் புகார் கொடுக்கலாம், இலவசம். வாசலில் வைத்த பார்சல் போனதற்கெல்லாம் க்ளெய்ம் போடாதே. டிடக்டிபிளைத் தாண்டாது, ஆனால் நீ கேட்டது க்ளெய்ம்களைத் தொகுக்கும் ஏட்டில் ஏழு வருஷம் வரை நிற்கும்.

பணம் வாங்கிய பிறகு வாத்தியம் திரும்பக் கிடைத்தால் யாருடையது என்று நீ ஒருமுறை கேட்டிருக்கிறாய். ரோமன் டோட்டன்பர்க் என்ற வயலின் மேதையின் கதையைச் சொல்கிறேன். 1734-இல் செய்த ஸ்ட்ராடிவேரியஸ் அவரிடம் இருந்தது. 1980-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் ஒரு கச்சேரி முடிந்தபின் இசைப்பள்ளியில் அவர் அறையிலிருந்து அது திருடு போயிற்று. இன்ஷூரன்ஸ் 101,000 டாலர் கொடுத்தது. 2012-இல், 101 வயதில் அவர் காலமானார். 2015-இல் வயலின் கிடைத்தது. அவருடைய மூன்று மகள்களும் கம்பெனியிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து அதை மீட்டார்கள். லண்டனில் மின் கிம் என்ற கலைஞரின் 1696-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவேரியஸ் 2010-இல் யூஸ்டன் ரயில் நிலையத்தில் திருடு போயிற்று. 2013-இல் கிடைத்தது. அதற்குள் இழப்பீட்டுப் பணத்தில் அவர் வேறு வயலின் வாங்கிவிட்டிருந்தார். திருப்பித் தரப் பணமில்லை. வயலின் ஏலத்துக்குப் போயிற்று. உன் பாலிசியில் மீட்ட பொருளைப் பற்றி ஒரு பிரிவு இருக்கும். பணத்தைச் சரிக்கட்டிவிட்டுப் பொருளை நீயே வைத்துக்கொள்ளும் உரிமையைப் பொதுப் படிவம் உனக்குத் தருகிறது. ஷெட்யூல் செய்யும்போதும் தனிப் பாலிசி வாங்கும்போதும் அந்த உரிமை அங்கேயும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. காப்பீட்டுப் பணத்தைச் சில வருஷம் தொடாமல் வைத்திருக்க முடிந்தால் வைத்திரு.

என் குருவின் வயலின் இதுவரை வரவில்லை. பழைய வயலின் விற்கும் கடை எதைக் கடந்தாலும் நான் உள்ளே போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

இன்று இரவு சாதகம் முடிந்து வீணையை உறையில் இடும் முன் அந்தப் படங்களை எடுத்துவிடு. நாளைக் காலை ஏஜெண்ட்டைக் கூப்பிட்டு, "நான் சன்மானம் வாங்கி வாசிக்கிறேன், பிள்ளைகளுக்குக் காசு வாங்கிச் சொல்லிக்கொடுக்கிறேன்" என்று சொல். அவர் தரும் பதிலை எழுத்தில் வாங்கி எனக்கும் ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
உன் வயலின் மாமா